சுவர்ப் பக்கம் திருப்பிய வெளிச்சம்

என் தங்கை மாப்பிள்ளை போட்டோகிராபர். நான் அவருக்கு வெளிச்சம் பிடிக்கிறவன். நீளமான கம்பின் நுனியில் ஒரு பிளாஷ், அதன் முகத்தில் வெள்ளைத் துணி போர்த்திய பெட்டி. கூட்டத்தில் ஸ்டாண்ட் நிறுத்த முடியாது, யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்கள். அதனால் ஸ்டாண்டுக்குப் பதில் நான் நிற்கிறேன். இருபத்திரண்டு வருஷம் கிடங்கில் மூட்டை சுமந்த தோள்தான். ஆனாலும் இந்தக் கம்பைத் தலைக்கு மேல் ஒரு மணி நேரம் பிடிப்பதற்குள் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறது. மூட்டை என்றால் இறக்கிவைக்க ஓர் இடம் வரும். இதற்கு அப்படி எதுவும் வருவதில்லை.

அன்றைக்குத் தொழிற்பயிற்சிக் கூடத்தில் சான்றிதழ் கொடுக்கும் விழா. மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. மேடைக்குக் கூடத்துக்காரர்களே வேறொரு போட்டோகிராபரை வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு படம் வேண்டும் என்று வருகிறவர்களை நாங்கள் பக்கத்துச் சுவரோரம் நிற்கவைத்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஓர் அம்மா மகனோடு வந்தார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலையாம். விரல்களெல்லாம் ஊறி வெளுத்திருந்தன. மகன் வெல்டிங் முடித்தவன். கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. வாசலில் நின்ற வேனில் இன்னும் கால் மணி நேரத்தில் ஏறியாக வேண்டும்.

"அம்மாவோட ஒரு படம் வேணும்ணே. கண்ணு தொறந்த மாதிரி," என்றான். "எங்க வீட்ல இருக்கிற எல்லாப் படத்துலயும் இவங்க தூங்குறாங்க."

"நான் என்ன வேணும்னா மூடுறேன்? பளிச்சுன்னு அடிச்சா அது தானா மூடிக்குது."

"கல்யாணப் போட்டோல கூட தூக்கம்ணே."

"உங்கப்பாவைப் பாத்தா யாருக்குத்தான் தூக்கம் வராது," என்றார் அந்த அம்மா.

நான் கம்பைத் தூக்கினேன். மாப்பிள்ளை கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அவர் அமுக்குவதற்கு முன்பே என் தலைக்கு மேல் பிளாஷ் தானாக அடித்தது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை அமுக்கியபோது பிளாஷில் சத்து இல்லை. ஒரு தடவை அடித்தால் அது மறுபடி ஊறி வர இரண்டு மூன்று நொடி ஆகும். படம் இருட்டாக வந்தது.

"கம்பை ஆட்டாதீங்க மச்சான்."

"நான் எங்க ஆட்டினேன்?"

மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவையும் அதே. நாலாவதில் பிளாஷ் முந்திக்கொள்ளவில்லை, ஆனால் அடிக்கப்போகிறது என்ற பயத்திலேயே அந்த அம்மாவின் இமை துடித்து மூடிக்கொண்டது. வாசலில் வேன்காரர் ஹாரன் கொடுத்தார். மகன் வாசலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மேடையில் ஒருவர் சான்றிதழ் வாங்கும்போதெல்லாம் எங்கள் பிளாஷும் அடிக்கிறது. கேமராவிலிருந்து பிளாஷுக்குச் சிக்னல் அனுப்பும் ட்ரிக்கர், மேடைக்காரருடையதும் எங்களுடையதும் ஒரே சேனல். அவர் கூப்பிட்டால் எங்கள் பிளாஷ் ஓடிப்போய் வேலை செய்கிறது.

பிளாஷில் சேனலை மாற்றும் பொத்தான் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத நாளில் நான் எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுவேன் என்று மாப்பிள்ளைதான் ஒட்டினார். நான் படிக்கக் கற்று மூன்று வருஷம் ஆகிறது. அதைப் பிய்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கம்பை இறக்கி, துணிப்பெட்டியைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்த்தபடி நகத்தால் டேப்பைச் சுரண்டினேன். மேடையில் யாரோ சான்றிதழ் வாங்கினார்கள். பிளாஷ் சுவரைப் பார்த்து அடித்தது. சுவர் முழுக்க வெளுத்து, அங்கிருந்து வெளிச்சம் ஆறின பாலைப் போல அவர்கள் மேல் வந்து விழுந்தது. அந்த அம்மா மகனுடைய காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். இமை அசையவில்லை.

"மாப்ள, நாமளும் ஒண்ணாம் சேனல்ல இருக்கோம், மேடைக்காரரும் அதுலதான் போல. நான் ஏழுல வைக்கிறேன். நீங்களும் வச்சுக்குங்க."

"பாத்துதான் சொல்றீங்களா?"

"எழுதியிருக்கே."

அவர் தன் ட்ரிக்கரைத் திருகினார். "சரி, கம்பைத் தூக்குங்க."

"தூக்கல. சுவத்தைப் பாத்தே இருக்கட்டும்."

"பாதி வெளிச்சத்தைச் சுவரே தின்னுடும் மச்சான்."

"பவரை முழுசா ஏத்திட்டேன். அந்தம்மாகிட்ட மட்டும் ரெடின்னு சொல்லிடாதீங்க."

மாப்பிள்ளை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கேமராவில் ஏதோ கோளாறு தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் அந்த அம்மா. பிறகு மகன் பக்கம் திரும்பினார். "சொன்னது நெனப்பிருக்கா? கம்பளிச் சட்டையைத் தனியாத் துவைக்கணும். பேண்ட்டோட சேத்துப் போட்டு ஊறவச்ச, அப்புறம் சுருங்கிப்போய் அதைப் பொம்மைக்குத்தான் போடணும்."

சுவர் ஒரு தடவை வெளுத்தது.

"எடுக்கலையா?"

"எடுத்தாச்சும்மா," என்றார் மாப்பிள்ளை.

மூவரும் கேமராவின் முதுகில் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த அம்மாவின் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது. விரல் ஒன்று மகனுடைய மூக்குக்கு நேராக நீண்டிருந்தது. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

"ஐயையே, சண்டைக்காரி மாதிரி இருக்கேன். வேற எடுங்க."

ஹாரன் இந்தத் தடவை விடாமல் அடித்தது.

"வேணாம்ணே, இதையே அனுப்புங்க," என்றான் மகன். "அங்க போனா யாரு என்னைத் திட்டப் போறாங்க. இதைப் பாத்துத் திட்டு வாங்கிக்கிறேன்."

படம் அவன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாவும் மகனும் வாசலை நோக்கிப் போனார்கள். கூட்டம் அவர்களை மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து, வேன் கிளம்பிய பிறகு, அந்த அம்மா மட்டும் திரும்பி வந்தார். மாப்பிள்ளை அதற்குள் வேறொரு குடும்பத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கண்ணு நெஜமாவே தொறந்திருந்துச்சா? அவசரத்துல சரியாப் பாக்கல."

"ரெண்டும் நல்லாத் தொறந்திருந்துச்சும்மா."

"எங்க பாத்துட்டு இருந்தேன்?"

"உங்க பையனைத்தான்."

"அப்ப சரி," என்றார். வீட்டுக்குக் கிளம்பாமல், அடுத்து நின்றவர்களுக்கு வழி விட்டு, சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றுகொண்டார்.