படகுப் பந்தயத்தில் என் வாய்

என் வாயைப் பற்றிச் சிம்பாங் அம்பாட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் முதல் லயத்து வீட்டில் பேசினால் கடைசி லயத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழும் என்பார்கள். சுத்தப் பொய். அந்தக் குழந்தை எந்நேரமும் அழுகிற குழந்தை.

மலாக்கா டவுனில் வருஷா வருஷம் நடக்கும் படகுப் பந்தயத்துக்கு நாங்கள் புறப்பட்ட அன்று காலை, என் வீட்டுக்காரர் என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் பெயரை நான் சொல்லக்கூடாது. கொஞ்சம் பொறுங்கள், கதைக்குள் வேறொருவர் சொல்வார்.

"கோமளா, தொரைங்க தொரைசானிங்க எல்லாம் வர்ற எடம். இன்னிக்கு ஒரு நாளு சத்தம் போடாத. எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

அடித்தேன். கொஞ்சம் பலமாகவே அடித்தேன்.

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. எங்கள் துரை பந்தயக் குழுவில் ஒருவர். தோட்டத்துப் படகு ஒன்றும் ஓடியே தீரவேண்டும் என்று, பால் வெட்டுகிறவர்களில் ஆறு பேரைப் பொறுக்கி, தோட்டத்துக் குளத்தில் இரண்டு மாதம் துடுப்புப் போடப் பழக்கியிருந்தார். அதில் முன்னால் உட்காருகிறவர் என் வீட்டுக்காரர்தான். பந்தயத்துக்காகத்தான் எங்களுக்கு லீவும் லாரியும் கிடைத்தன.

எனக்குப் பந்தயம் பெரிதில்லை. என் தங்கை பெத்தம்மாளைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறி வந்தோம். இறங்கிய இடத்தில் அவளையும் அவள் புருஷனையும் ஒரு கங்காணி செர்காம் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார், எங்களை இன்னொரு கங்காணி இந்தப் பக்கம் கூட்டிவந்தார். நாலு வருஷம் ஆகிவிட்டது. இரண்டும் மலாக்காதான். ஆனால் பால்மரம் யாருக்கு லீவு கொடுக்கிறது? துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாகப் போகும் ரஹீம் நானாதான் எங்களுக்குத் தபால்காரர். போன மாதம் வந்தவர் சேதி சொன்னார்.

"ஒந்தங்கச்சியும் பந்தயம் பாக்க வர்றாளாம்மா. கடக்கரையில பெரிய மரத்தடியில நிப்பேன்னு சொல்லச் சொன்னா."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு டின் நிறைய முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டேன்.

லாரி கடற்கரையில் எங்களை இறக்கியது. "நாலு மணிக்கு வண்டி கெளம்பிடும். வராதவங்க நடந்து வரலாம்லா" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணி. நான் தலையாட்டிவிட்டுப் பெரிய மரத்தைத் தேடினேன்.

கடற்கரை நெடுகப் பெரிய மரங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒன்றை ஒன்று மிஞ்சிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் திருவிழாக் கூட்டம். எந்த மரம் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பத் தெரியாத கழுதையை நான் எங்கே போய்த் தேடுவேன்?

மரம் மரமாக நடந்தேன். நடுவில் கடலையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இத்தனை படகுகளை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. மூக்கில் பூவும் கண்ணும் எழுதிய மலாய்க்காரர் படகுகள், காகிதக் கொடி கட்டிய சீனர் சம்பான்கள், வெள்ளைப் பாய் விரித்த துரைமார் படகுகள். பேண்டு வாத்தியம் வேறு. ஒரு படகு ஜெயிக்கும்போது பக்கத்தில் நின்ற மலாய்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே நானும் குதித்தேன். முறுக்கில் பாதி நொறுங்கிப்போனது.

ஆனால் மணி இரண்டாகிவிட்டது. இரண்டு தடவை கோடிக்குக் கோடி நடந்தும் அவள் இல்லை. "ஏய் பெத்தம்மா" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சத்தியத்தை மீறினால் அவர் தலைக்கு ஆகாது, அவரோ கடலில் இருக்கிறார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தேன். இந்தத் தடவை விட்டால் இன்னும் எத்தனை வருஷமோ!

அப்போதுதான் தோட்டத்துப் படகுகளின் முறை வந்தது. எங்கள் படகு கரைக்குப் பக்கத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், மற்றவற்றோடு வரிசையாக நின்றது. நானும் தண்ணீரோரம் போய் நின்றேன்.

எங்கள் பெரட்டுக் களத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். விடியுமுன்னே வரிசையாகக் குந்தியிருப்போம். கிராணி பெயர் வாசிப்பார். பெயர் கேட்டதும் விருட்டென்று எழுந்து "ஐயா" என்று சொல்லவேண்டும். தாமதித்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம் போச்சு. போன வருஷம் என் வீட்டுக்காரர் தூங்கி வழிந்து அரைப் பேர் வாங்கி வந்தார். அதிலிருந்து நான் கஞ்சி ஊற்றும்போதெல்லாம் திடீரென்று, "பேரு கூப்புட்டா?" என்பேன். அவர் எழுந்து நிற்பார். நின்றால்தான் கஞ்சி.

அதே கிராணி இப்போது தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, படகில் இருப்பவர்களின் பெயர்களைக் கூட்டத்துக்கு அறிவித்தார்.

"சிம்பாங் அம்பாட் படகு. தங்கராஜு!"

என் வீட்டுக்காரர் படகில் விருட்டென்று எழுந்து நின்றார். "ஐயா."

படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"நல்லமுத்து!"

நல்லமுத்துவும் எழுந்து நின்றார். "ஐயா."

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது.

"உக்காருய்யா! இது என்ன பெரட்டுக் களமா? ஊரே பாக்குது, உக்காருய்யா! ரெண்டு மாசம் கொளத்துல வாத்து மேய்ச்சியா? நீ நீஞ்சுற லட்சணத்துக்கு நின்னு வேற காட்டணுமா!"

மூன்றாவது பெயரோடு படகு கவிழ்ந்தது. ஆறு பேரும் சேற்றில் முங்கி எழுந்து, இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். கிராணி பழக்க தோஷத்தில் மிச்சப் பெயர்களையும் வாசித்தார். மூன்று பேரும் தண்ணீரில் நின்றபடியே "ஐயா" என்றார்கள். கடற்கரையே சிரித்தது. எங்கள் துரை நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் மட்டும் நிறுத்தவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்து வந்தது.

"அக்கா."

பின்னாலிருந்து யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். திரும்பினேன்.

பெத்தம்மாள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இடுப்பில் நான் கண்டிராத ஒரு பெண் குழந்தை.

"காலையில புடிச்சு அந்தக் கோடி மரத்துக்குப் பின்னால பாய் விரிச்சு ஒக்காந்திருக்கேன்க்கா. நீ வரவே இல்லன்னு நெனச்சு அழுதுட்டேன். அப்பத்தான் யாரோ புருசனத் திட்டுறது கேட்டுச்சு. ஒலகத்துல இந்தத் தொண்ட ஒண்ணுதானேன்னு ஓடியாந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம், எனக்குத்தான். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். குழந்தை என்னைப் பார்த்து அழாமல் பொக்கை வாயால் சிரித்தது. எங்கள் கடைசி லயத்துக்காரர்கள் அதை வந்து பார்க்கவேண்டும்.

சேறு சொட்ட என் வீட்டுக்காரர் கரையேறி வந்தார். "எந்தலையில அடிச்ச சத்தியத்த மீறிட்டியேடி" என்றவர், பெத்தம்மாளைப் பார்த்ததும் சேற்றுக் கையாலேயே கும்பிட்டார்.

"தல இருக்குல்ல? போய்க் கழுவு" என்றேன்.

நாலு மணிவரை நொறுங்கிய முறுக்கை மூவரும் தின்றோம், நாலு வருஷத்தைப் பேசினோம். லாரிக்காரன் ஹாரன் அடித்தபோது நான் அவள் கையை விடாமல் கேட்டேன், "அடுத்த வருசம் எந்த மரம்னு இப்பவே சொல்லிடுடி."

"மரம் எதுக்குக்கா? நீ வந்து மச்சானத் திட்டு. நான் வந்துடுறேன்."

என் வீட்டுக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டே லாரியில் ஏறினார். தோட்டம் வரும்வரை அவர் என்னிடம் வேறெந்தச் சத்தியமும் கேட்கவில்லை. மறுவருஷம் புறப்படும்போது அவரேதான் கேட்டார், "தொண்ட நல்லாருக்கா கோமளா?"