முப்பதுக்கு இருபத்தெட்டு

நாற்பது வருடம் டியூஷன் எடுத்த மனிதருக்கு, பரீட்சை வேறு படிப்பு வேறு என்பது மட்டும் கடைசிவரை மண்டையில் ஏறவில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'இம்பார்ட்டன்ட் சார்'. வரப்போகிற கேள்விக்குக் கோடு போடச் சொல்வார். வராத பாடத்தைத் திறக்கவே விடமாட்டார். அவரிடம் படித்தவர்கள் நல்ல மார்க் வாங்கினார்கள். என்ன படித்தார்கள் என்று அவர்களிடம் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

இப்போது அவருக்கு ஒரே ஒரு மாணவி, அவர் மனைவி. எட்டு மாதத்துக்கு முன்பு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் தப்பித்தது, பேச்சு போய்விட்டது. அடுத்தவர் சொல்வதெல்லாம் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தொண்டைவரை வந்து நின்றுவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டுவாள். வாயாடி என்று தெருவே பெயர் வைத்திருந்த பெண், கையை நீட்டி நீட்டிக் காலம் தள்ளினாள். பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

பக்கவாதத்தில் போன பேச்சை மீட்பது பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. வாரம் மூன்று நாள், ஐந்து மாதம், இலவசப் பயிற்சி. ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் மணிக்கணக்கில் பேச்சுக் கொடுப்பாள். தொடக்கத்தில் ஒரு தேர்வு, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. முப்பது படம் காட்டுவார்கள், பெயர் சொல்ல வேண்டும். முதல் தேர்வில் அவள் வாங்கியது நான்கு, அடுத்ததில் ஒன்பது. கடைசித் தேர்வை வைத்து இரண்டாம் கட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள். அது இன்னும் ஒரு வருடப் பயிற்சி. அது கிடைத்தால் பேச்சு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வேறு எங்கும் இப்படிக் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

"இந்தப் படங்களை மட்டும் வீட்ல சொல்லிக் கொடுக்காதீங்க சார். அப்புறம் தேர்வுக்கே அர்த்தமில்லாம போயிடும்," என்றாள் அவள்.

"சேச்சே, எனக்குத் தெரியாதாம்மா," என்றார் இம்பார்ட்டன்ட் சார். இரண்டு தேர்விலும் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். இரண்டு தடவையும் அதே முப்பது படம். கேள்வித்தாள் கைக்கு வந்த பிறகு பாடத்தைப் பார்க்க அவர் என்ன இளிச்சவாயரா?

முப்பதையும் நோட்டில் வரைந்தார். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. குடை, ஏணி, கத்தரிக்கோல், ஒட்டகம், நங்கூரம், எரிமலை. முதல் எழுத்தை அவர் எடுத்துக் கொடுப்பார், மிச்சத்தை அவள் எட்டிப் பிடிப்பாள். மூன்றாவது வாரம், எடுத்துக் கொடுக்காமலே சொன்னாள். கடலையே பார்க்காதவள் நங்கூரம் என்றாள். தண்ணீருக்கு மட்டும் குடத்தைத்தான் காட்டினாள், தண்ணீர் அந்த முப்பதில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சொல் வரும்போதும் அவள் முகம் மலர்ந்தது. பேச்சு திரும்பிவிட்டது என்றே அவள் நம்பினாள், பாவம்.

கடைசித் தேர்வில் முப்பதுக்கு இருபத்தெட்டு. அன்றைக்குத்தான் அவள் எட்டு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் பேராசிரியர் இருவரையும் தன் அறைக்கு அழைத்துக் கைகுலுக்கினார். ஆராய்ச்சிப் பெண்ணும் ஓரமாக நின்றிருந்தாள்.

"ரெண்டாம் கட்டம் எப்ப ஆரம்பிக்குது மேடம்?" என்று கேட்டார் இவர்.

"அது இருபதுக்குக் கீழ வாங்கினவங்களுக்கு சார். பேச்சு வராதவங்களுக்குத்தானே பயிற்சி வேணும்? அம்மாதான் நல்லாயிட்டாங்களே."

தேறினால் அடுத்த வகுப்பு. அதைத் தவிர வேறொரு நியாயம் உலகத்தில் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தேர்வுக்கு வராத பக்கம் என்று புரட்டிவிட்டார்.

"மேடம், அவ தேறல," என்றார். "எல்லாம் மனப்பாடம். நான்தான் முப்பதையும் உருப்போட வச்சேன். சொந்தமா ஒரு வார்த்தை வராது இவளுக்கு. தண்ணி கேக்கக்கூடத் தெரியாது."

அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் புரியும் என்பது பதற்றத்தில் அந்த மனிதருக்கு மறந்தேவிட்டது.

பேராசிரியர் முகம் சுருங்கியது. அவருடைய ஆராய்ச்சிக்கும் அந்த இருபத்தெட்டு தேவையாக இருந்தது. "பயிற்சி நின்னுடுமேன்னு நிறைய வீட்ல இப்படிச் சொல்றதுதான் சார்," என்றார்.

"சத்தியமா சொல்றேன் மேடம். வேற எதையாவது காட்டிக் கேளுங்க, வாயே திறக்க மாட்டா."

பேராசிரியர் ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தார். அவள் தயங்கித் தலையாட்டினாள். "சரி, வேற படங்களை வச்சு இன்னொரு தடவை பாத்துடலாம்," என்று சொல்லிக்கொண்டே அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். இம்பார்ட்டன்ட் சாருக்கு உயிர் வந்தது.

"பொய்."

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. புருஷனை நோக்கி விரலை நீட்டினாள். "இவர்... பொய். பொய்."

பேராசிரியர் இழுப்பறையை மூடினார். அவர் முகம் தெளிந்துவிட்டது. "சொந்தமா ஒரு வார்த்தை வராதுன்னீங்களே சார்," என்று சிரித்தபடி கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

யாரும் சொல்லிக்கொடுக்காத சொல். எட்டு மாதமாக அவர் ஏங்கிக் கிடந்தது அப்படி ஒரு சொல்லுக்காகத்தான். சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல், கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்காகக் காத்திராமல் எழுந்து வெளியே நடந்தாள்.

படிக்கட்டிலும் பஸ்ஸிலும் அவர் கெஞ்சிக்கொண்டே வந்தார். "இன்னொரு தடவை சொல்லு. திட்டணும்னா திட்டு. என்ன வேணா சொல்லு."

அவள் வாயைத் திறக்கவே இல்லை.