கூகுளின் முதல் பக்கம்

பக்கம் திறக்கக் காத்திருந்த நேரத்தில் கார்குழலி துப்பட்டா நுனியைக் கடித்தே ஈரமாக்கிவிட்டாள். வண்ணாரப்பேட்டையில் நைட்டிக் கடைக்கு மேலே இருந்தது தமீம் பாயின் ஆபீஸ். கீழே கடைக்காரர்கள் கூவுவது மின்விசிறிச் சத்தத்தையும் மீறி ஜன்னல் வழியாக ஏறி வந்தது. 'தொழிற்சாலைக் கையுறை' என்று ஆங்கிலத்தில் தட்டியிருந்தாள். போன மாதம் ஒன்பதாம் பக்கத்தில் கிடந்த கம்பெனி இப்போது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"பாய், ரெண்டாம் பக்கம் வந்துட்ச்சு."

தமீம் பாய் டீ கிளாஸோடு ஓடி வந்து பார்த்தார். திருவொற்றியூரில் தோல் கையுறை தைக்கும் கம்பெனி அது. கூகுளில் தேடினால் அதன் வெப்சைட் முன்னால் வர வேண்டும். அதுதான் அவர் எடுத்திருந்த வேலை. கம்பெனியைப் பற்றிச் செய்தி எழுதி, இலவசமாகப் போடும் தளங்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். ஒவ்வொரு செய்தியின் அடியிலும் வெப்சைட்டுக்கு ஓர் இணைப்பு இருக்கும். நாலு பேர் கைகாட்டினால் கூகுளும் திரும்பிப் பார்க்கும் என்பது பாயின் கணக்கு.

யார் கம்பெனியோ முன்னுக்கு வந்ததற்கு ஊரார் கல்யாணத்தில் மார்பில் சந்தனம் பூசிக்கொள்கிறாளே என்று பாய் கேலி செய்தார். கார்குழலி சிரித்தாள். அந்தக் கம்பெனியில்தான் அவள் அம்மா மலர்க்கொடி பல வருஷமாக கான்ட்ராக்டில் தைக்கிறாள். அது அவளுக்குச் சொந்தக் கல்யாணம் மாதிரிதான்.

ஆனால் எழுதுவதற்குச் செய்தி தீர்ந்துபோயிற்று. புது மெஷின் வந்ததை எழுதியாயிற்று, தரச் சான்றிதழை எழுதியாயிற்று, ஆயுத பூஜையைக்கூட விடவில்லை. கம்பெனி மேனேஜர் அருள்பிரகாசத்துக்கு போன் போட்டாள்.

"தொழிலாளிங்கள நல்லா வச்சிருக்கிற கம்பெனியாப் பாத்துத்தான் இப்ப ஃபாரின்காரன் ஆர்டர் தர்றான்" என்றார் அவர். "தையல் லேடீஸ் எல்லாரையும் பர்மனென்ட் பண்றோம்னு போடும்மா."

"நெஜமாவா சார்?"

"நீ எழுதும்மா. எல்லாம் செய்யத்தான் போறோம்."

அவள் விரல்கள் கீபோர்டில் பறந்தன. பர்மனென்ட் என்றால் இ.எஸ்.ஐ. கார்டு. போன வருஷம் தையல் ஊசி இறங்கியதிலிருந்து அம்மாவின் வலது கட்டைவிரல் மடங்குவதில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடலாம். வெப்சைட்டுக்கு எடுத்த படங்களில் ஒன்றில் அம்மா புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றாள். அந்தப் படத்தையே செய்தியோடு சேர்த்தாள்.

அதைத் தமிழிலும் அடித்து, அச்செடுத்து, சாயங்காலம் வியாசர்பாடியில் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனாள். மலர்க்கொடி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"மேனேஜரே சொன்னாராடி?"

"ஆமாம்மா. போன்ல சொன்னாரு."

"கம்பெனி பேர் போட்டு அச்சுல வந்துகீது. அப்பறம் இன்னா?"

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சங்கம் ஒப்பந்தம் போட்டால் அதை கேட்டில் ஒட்டி, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். கான்ட்ராக்ட் பெண்களுக்கென்று ஒரு காகிதமும் அந்த கேட்டில் ஏறியதில்லை. மறுநாள் காலையில் ஏறியது. மலர்க்கொடியோடு தைக்கும் செங்கொடி பசை தடவினாள், பூவம்மா லட்டு வாங்கி வந்தாள், மலர்க்கொடி தன் கையாலேயே ஒட்டிப் பொட்டு வைத்தாள். படிக்கத் தெரிந்தவள் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். அன்றைக்கு மெஷின்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடின.

அதே நாள் மத்தியானம் கம்பெனி முதல் பக்கத்துக்கு வந்தது. கார்குழலிக்குக் கால் தரையில் பாவவில்லை. பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி பிரியாணி சொன்னார். அது வருவதற்குள் அருள்பிரகாசத்தின் போன் வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து ஒருவன் விலை கேட்டு எழுதியிருக்கிறானாம். அவர் குரலிலும் குதூகலம்.

"கேட்ல அந்தப் பேப்பர ஒட்டினது உங்கம்மாவாமே?" என்றார் பிறகு. "அது கூகுளுக்கு எழுதினதும்மா. இவங்களுக்கா எழுதினோம்?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்த மூணு பேரும் இனிமே வேணாம்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. நீ மனசுல வச்சுக்காத. அடுத்த செய்திய எழுதிடு. போட்டோவ மட்டும் மாத்தாத, அந்தச் சிரிப்பு நல்லா எடுபடுது."

பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து அவள் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தபோது, கம்பெனி எதிரே நடைபாதையில் மூன்று பெண்களும் சாப்பாட்டுக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மகளைப் பார்த்ததும் மலர்க்கொடி எழுந்தாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கார்குழலிக்கு இருந்தது.

"கம்பூட்டர்ல அது இன்னும் அப்பிடியேதான் கீதா?"

"கீதும்மா. மொதப் பக்கத்துல கீது."

மலர்க்கொடி மடங்காத கட்டைவிரலைத் தேய்த்தபடி கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். காகிதத்தைக் கிழித்துவிட்டிருந்தார்கள். சந்தனம் குங்குமம் வைத்த நாலு மூலைகள் மட்டும் இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தன.