நல்ல தண்ணி

இன்று மாலை கிரீம் தயாரிப்புப் பயிற்சி வகுப்பில் லிடியா தன் ஜாடியைக் கவிழ்த்ததும் ஜெல் மோர் போல மேசையில் ஓடியது. என்னுடையது அசையவில்லை. நாளை உளுந்தூர்பேட்டையிலிருந்து கிரீம் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை.

"இன்னாம்மா, பொடி கம்மியா போட்டியா?" என்றார் தீனதயாளன் சார்.

"இல்லீங்க சார். இவ நோட்டுல இருக்கறத அப்படியே பண்ணேன்."

போன வாரம் காய்ச்சலில் வராதவள், என் நோட்டை வாங்கிப் போயிருந்தாள். பக்கத்தைத் திருப்பினேன். 'கார்போமர் பொடி அரை கிராம். நல்ல தண்ணி நூறு மில்லி.' சார் சொன்னது காய்ச்சி வடித்த நீர். எனக்குப் புரிந்தால் போதுமென்று சுருக்கி எழுதியிருக்கிறேன்.

"எந்தத் தண்ணிடி ஊத்துனே?"

"நல்ல தண்ணிதான். எங்க தெருக் குழாயில ஒருநாள் வுட்டு ஒருநாள் வருதே, குடிக்கறது. போர் தண்ணி ஊத்த நான் இன்னா லூசா?"

அவள் மேல் தப்பில்லை. குடிக்கிற தண்ணீரிலும் உப்புகள் கரைந்திருக்கும். ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமரின் இழைகள் முதலில் சுருண்டு கிடக்கும். காரக் கரைசலைச் சொட்டினால் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளி, விரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். உப்புகள் அந்தத் தள்ளலை அடக்கிவிட்டால் இழைகள் மறுபடி சுருளும், ஜெல் இளகிவிடும்.

பேசாமல் இருந்தால் வேலை எனக்கு. அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சார் மார்க் போடப் பேனாவைத் திறந்தார்.

"தப்பு என்னுதுங்க சார்." நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

அவர் அந்த வரியைப் படித்தார். "இதயே கம்பெனில எழுதி வச்சிருந்தா, ஒரு டிரம்மே வீணாப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு லிடியாவிடம், "இப்பவே மறுபடி பண்ணு" என்றார்.

"அடிப்பாவி, உன் நோட்ட பைபிள் மாதிரி படிச்சிக்கினு இருந்தேன்டி" என்றாள் லிடியா. நான் குவளையை எடுக்கப் போனேன். "நீ ஒண்ணும் தொடாத. படிச்சி மட்டும் காட்டு."

அந்த வரியை அடித்துத் திருத்திப் படித்தேன். "காய்ச்சி வடித்த நீர்..."

"நம்ம வூட்ல காய்ச்சி வடிகட்டறதா?"

மறுபடியும் அடித்தேன். 'அலமாரியில் உள்ள டிஸ்டில்டு வாட்டர் கேன்' என்று எழுதினேன்.

பொடி ஊற அரை மணி நேரம் ஆனது. அவள் கரைசலைச் சொட்டிக் கலக்கி, ஜாடியைக் கவிழ்த்தாள். ஜெல் விழவில்லை. பக்கத்தில் என் ஜாடியையும் கவிழ்த்து வைத்துப் பார்த்தோம். அவளுடையதுதான் இன்னும் கொஞ்சம் கெட்டி.

கம்பெனிக்காரர்கள் காலை பத்து மணிக்கே வந்துவிடுவார்களாம்.