கேட்டால் போடுகிறேன்

கோழித் தொடையின் மேல்முனையில் விரலை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். தோல் மொத்தமும் காலுறை மாதிரி சர்ரென்று கழன்று வந்தது. சாப்பாட்டு மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்துக்குத் தலை நிமிர்ந்தார். பொரித்த கோழியில் அவருக்கு உயிரே அந்தத் தோல்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று அதைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"டாக்டர் சொன்னதைத்தான் செய்யறேன்," என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றார். திரும்பப் பேப்பருக்குள் போய்விட்டார்.

அதுதான் எனக்கு எரிச்சல். ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாக என் சமையலைப் பற்றி ஒரு வேளைகூடச் சொல்லாமல் விட்டதில்லை, இப்போது ஒன்றும் சொல்லவில்லையாம்.

அவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் போட்ட மார்க் போதாதென்று வீட்டிலும் போடுவார். கல்யாணமான மூன்றாம் நாள் ஆரம்பித்தது. முதல் வாயை மென்று, கண்ணை மூடி யோசித்து, "பத்துக்கு நாலு" என்றார். விளையாட்டு என்று நினைத்து நானும் சிரித்தேன். இருபத்தாறு வருஷமும் சிரித்துக்கொண்டே இருக்க முடியுமா? ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் மூன்றரை. நான் தொட்ட உச்சம் ஏழு. அதுவும் அன்றைக்கு அவருடைய வகுப்பு மொத்தமும் பாஸ் ஆகியிருந்தது. அவருடைய அக்கா வெந்நீர் வைத்தால்கூட ஒன்பதுக்குக் குறையாது. என் மார்க் குறைவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றேதான்: "உப்பு பத்தல." சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார். நான் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து வைக்க வேண்டும். பேசத் தெரிந்த நாளிலிருந்து என் மகளும் "அம்மாவுக்கு அஞ்சு" என்று கூடவே மார்க் போட்டாள். குழந்தையை என்ன சொல்வது.

எங்கப்பா கடைசியாக என் வீட்டில் சாப்பிட்ட அன்றும் அப்படித்தான். இறைச்சிக் குழம்பு வைத்திருந்தேன். காலையிலிருந்து அடுப்படியே கதி என்று கிடந்து வைத்த குழம்பு. "மாமா, உங்க பொண்ணுக்கு இன்னைக்கு மூணு மார்க். மூணும் சோத்துக்குத்தான்," என்றார். எங்கப்பா சிரிக்கவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தி, "எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார். மறுபடி கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். அவருக்கு வயிறு சின்னது, அரைத் தட்டுக்கு மேல் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்தார் என்று பிறகு அம்மா சொன்னாள். அடுத்த மாதம் போய்விட்டார். அந்த மூன்று கரண்டிக் குழம்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்களே, என் காலம் பதினோரு வாரம் முன்னால் நெஞ்சுவலி ரூபத்தில் வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டயட் அம்மா என்னை மட்டும் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தாள். சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். "இனிமே அவர் உடம்பு உங்க கையிலதாம்மா இருக்கு," என்றாள். கரும்பு தின்னக் கூலியா?

அவள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். பிடித்த சாப்பாட்டை நிறுத்த வேண்டாம், மாற்றிச் செய்யுங்கள் என்றாள். கோழியைத் தோல் உரித்துத் தயிரில் ஊறவைத்து, ஓட்ஸைப் பொடித்து அதில் புரட்டி, எண்ணெய் இல்லாமல் ஓவன் அடுப்பில் வைத்தால் பொரித்தது மாதிரியே மொறுமொறுப்பாக வரும். உருளைக்கிழங்கு வறுவலும் அப்படித்தான். சோற்றில் பாதிக்குக் காலிஃபிளவரைத் துருவிக் கலக்கலாம். ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன் உப்பு, அதற்கு மேல் கூடாது. "உப்பு குறைஞ்சதே தெரியாதும்மா. எலுமிச்சம்பழம் பிழியுங்க, பூண்டு தட்டிப் போடுங்க, மிளகு தாராளமா போடுங்க. நாக்கு ஏமாந்துடும்," என்றாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வாத்தியார் பெண்டாட்டி, குறிப்பெடுக்கத் தெரியாதா?

முதல் வாரமே எனக்குக் கை வந்துவிட்டது. நான் செய்த கோழியை மகள் எலும்பு வரை கடித்துத் தின்றாள். "கடையில வாங்கற மாதிரியே இருக்கும்மா!" என்றாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள், தினமும் நாலு விதமான சாப்பாட்டை வெளியில் பார்க்கிறவள். அவள் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதே இன்னொன்றும் தோன்றியது. இந்த ருசி அவருக்கு எதற்கு?

அடுத்த நாளிலிருந்து ஓவனில் இரண்டு தட்டு வைத்தேன். மேல் தட்டு எனக்கும் மகளுக்கும்: எலுமிச்சை, பூண்டு, மிளகு எல்லாம் போட்டது. கீழ்த்தட்டு அவருக்கு: கோழி, ஓட்ஸ், அவ்வளவுதான். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். நிறத்தில் ஒரு மாற்று குறையாது. ஒரே மேஜையில், ஒரே நேரத்தில் பரிமாறுவேன். முதல் வாய் அவர் உள்ளே போகும்போது நான் கையில் துணியை வைத்துக்கொண்டு நிற்பேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் வாயைத் திறந்து, "கொஞ்சம் உப்பு போடேன்" என்று கேட்க வேண்டும். ஆர்டர் போடுகிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி. கேட்டால் போடுவேன். சத்தியமாகப் போடுவேன். டயட் அம்மா அனுமதித்த அரை டீஸ்பூன் இருக்கவே இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை. மெல்லுவார், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார், அடுத்த வாய். தட்டு காலியாகும் வரை ஒரு வாய்க்கு ஒரு மடக்கு. கை கழுவிவிட்டுப் போய்விடுவார். மார்க்கும் கிடையாது, குறையும் கிடையாது.

வெளியில் தின்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். நான் சலவைக் கடையில் கறை பார்க்கிற வேலையில் இருக்கிறேன். வரும் துணியை வெளிச்சத்தில் பிடித்து, இது எண்ணெய், இது மை, இது காபி என்று பிரித்துப் போடுவதுதான் தொழில். கழுவிக் காய்ந்த சட்டையில்கூட வெண்ணெய் எங்கே சொட்டியது என்று சொல்லிவிடுவேன். அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கையோரம், பாக்கெட், வயிற்றுப் பக்கம். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. மனுஷன் நான் போடுவதை மட்டும்தான் தின்கிறார். கையும் களவுமாகப் பிடித்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். பிடிக்க ஒன்றுமே இல்லாதபோது கோபம் இன்னும் ஏறியது.

மற்ற சமையலில் அவருக்குப் போட்டுவந்த உப்பையும் கால் டீஸ்பூன் ஆக்கினேன். கேட்கவில்லை. அந்தக் கால் டீஸ்பூனையும் நிறுத்தினேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். என் வீட்டில் அது வாத்தியார் வயிற்றிலே போனது.

மகள்தான் ஒரு நாள் பாத்திரம் ஒழிக்கும்போது அவருடைய கீழ்த்தட்டில் மிச்சமிருந்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். முகம் சுருங்கியது.

"அம்மா, அப்பாதுல ஒண்ணுமே இல்ல."

"அவருக்கு ஆகாது."

"எலுமிச்சம்பழமுமா ஆகாது?"

"டாக்டரை விட உனக்குத் தெரியுமா? பாத்திரத்தை வை, நான் பாத்துக்கறேன்," என்றேன். அவள் வைத்துவிட்டுப் போனாள். வாசல்படியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதாம் வாரத்திலிருந்து அவர் நடை தளர்ந்தது. தலை கனக்கிறது என்று படுத்துக்கொண்டார். சட்டைப் பித்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு நின்றார். வயசாகிறது, நெஞ்சுவலி வந்த உடம்பு என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. பதினோராம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டே, "அப்பா, பதினேழு எட்டு எவ்வளவு?" என்று கேட்டாள். இந்த வீட்டில் கால்குலேட்டர் யாரும் தொட்டதில்லை. கேட்டு முடிக்கும் முன் பதில் வரும். அவர் கையில் கரண்டியோடு அவளையே பார்த்தார். "பதினேழு..." என்றார். உதடு அசைந்தது. "பதினேழு..." மறுபடியும். கரண்டி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நாற்காலியோடு சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் உப்பு அபாயமான அளவுக்கு இறங்கியிருக்கிறது என்றார்கள். அவர் சாப்பிடுகிற மாத்திரையில் ஒன்று நீர் பிரிவதற்கானது. அது உப்பையும் சேர்த்து வெளியே தள்ளுமாம். அதோடு குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறார். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். "சாப்பாட்டுல உப்பு எவ்வளவும்மா போடறீங்க?" என்று கேட்டார்.

"டயட் சீட்டுல இருக்கறபடிதான் டாக்டர்," என்றேன். நாக்கு குழறாமல் வந்தது. பக்கத்தில் நின்ற மகள் என்னைப் பார்க்காமல் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கொலைகாரி, கொலைகாரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். மூடின அவர் கண்ணைப் பார்த்து, எழுந்து உட்கார்ந்து எனக்குப் பூஜ்யம் மார்க் போட்டாலும் பரவாயில்லை என்று அழுதேன். பொய்யில்லை, உண்மையாகவே அழுதேன்.

மூன்றாம் நாள் காலையில் தெளிந்துவிட்டார். டாக்டர் வந்து பேர், கிழமை எல்லாம் கேட்டார். சரியாகச் சொன்னார். டாக்டர் சீட்டைப் புரட்டிக்கொண்டே, "சார், சீட்டுல இருக்கற அளவு சாப்பிட்டிருந்தா இவ்வளவு இறங்காதே. வீட்டுல நிஜமாவே உப்பு போட்டாங்களா?" என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என்னைப் பார்த்தார், ஆற அமரப் பார்த்தார்.

"அவ போட வந்தா. நான்தான் வேணாம்னுட்டேன். கொறைச்சா சீக்கிரம் சரியாயிடும்னு நினைச்சேன்," என்றார்.

டாக்டர் அவரைப் பிடித்து விளாசிவிட்டார். படித்தவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர், இப்படிச் செய்யலாமா என்றார். இவர் தப்புச் செய்த பையன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். டாக்டர் போனதும் மகள் மருந்து வாங்கப் போனாள். நர்ஸ் ஒரு கிண்ணத்தில் சூப்பும், கூடவே ஒரு சின்னப் பாக்கெட் உப்பும் கொண்டுவந்து வைத்தாள். "சூப்புல உப்பு இல்லம்மா. இதை முழுசா போட்டுக் கலக்கி, சூடு இருக்கறப்பவே குடுத்துடுங்க," என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

"எப்போலேருந்து தெரியும்?" என்றேன்.

"முத வாரமே. ஒரே ஓவன்ல வேகுது. எனக்கு மூக்கு இல்லையா?"

"தெரிஞ்சா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா போட்டிருப்ப."

"போட்டிருப்பேன்தான்."

"அதான் கேக்கல," என்றார். "நீ துணியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பியே, எப்படா கேப்பான்னு. அந்தச் சந்தோஷத்தை உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

இரண்டு நாள் அழுத அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. இதிலும் இவர் ஜெயித்திருக்கிறார். பதினோரு வாரமும் மென்று மென்று ஜெயித்திருக்கிறார். நான் அவரைப் பட்டினி போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், மனுஷன் என்னைத்தான் பட்டினி போட்டிருக்கிறார்.

"செத்திருப்பீங்க," என்றேன்.

"செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

"அப்ப டாக்டர்கிட்ட ஏன் என்னைக் காப்பாத்தினீங்க?"

"அவருக்கு எதுக்கு அது? நம்ம வீட்டு விஷயம்." தலையணையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் அது வகுப்பறைக் குரல்தான். "வேணும்னுதான் செஞ்சேன்னு ஒரே ஒரு தடவை உன் வாயால சொல்லு. நான் உப்பு கேக்கறேன்."

"நீங்க முதல்ல கேளுங்க. நான் சொல்றேன்."

"நீ சொல்லு."

நான் பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்தேன். கவிழ்க்கவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. வராந்தாவில் நர்ஸின் செருப்புச் சத்தம் இந்தப் பக்கமாக வந்து, எங்கள் அறையைத் தாண்டிப் போனது. எங்கள் இருவருக்கும் நடுவில் கிண்ணத்தில் ஆவி அடங்கி, சூப்பின் மேல் மெல்லிய ஆடை படர்ந்துகொண்டிருந்தது.