புதன் மூலை

ஆற்றைத் தாண்டி சிரியம் வரைகூடப் போகாத பழனியப்பனுக்கு, ரங்கூன் தமிழர்களுக்கு உலகத்தையே காட்டிவிட வேண்டுமென்று ஆசை. மொகல் தெருவில் அவர் நடத்திய பத்திரிகையில் வாரம் ஒரு தேசம். காட்டுகிற வேலை மட்டும் உதவி ஆசிரியர் நல்லையாவின் தலையில்.

1925 மழைக்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டின் முறை வந்தது. நல்லையா ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதினார். அலை பொல்லாதது, கப்பல் கரைக்கு வராது. ஆட்களைக் கூடையில் உட்கார்த்திப் படகில் இறக்குவார்கள். கொக்கோவும் தங்கமும் கப்பலேறிப் போய்விடுகின்றன, காய்ச்சல் மட்டும் ஊரில் தங்கிவிடுகிறது. பெண்கள் மீனைப் புகையில் வாட்டிச் சந்தைக்குச் சுமக்கிறார்கள். இடித்த கிழங்கும் பனையெண்ணெய்க் குழம்பும் சாப்பாடு. இதுவரை பேனா ஓடியது.

அடுத்த வரியில் நின்றுவிட்டது. அங்கே பிள்ளை பிறந்த கிழமையை வைத்தே பெயர். வெள்ளியில் பிறந்த பையன் கோஃபி. புதனில் பிறந்த பெண் அக்குவா.

நல்லையாவுக்கும் புதனில் பிறந்த பெண் ஒருத்தி உண்டு. ஆனால் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. பர்மிய மனைவி மா சீன் கர்ப்பமாக இருந்தபோது, தங்கை கல்யாணமென்று ஊருக்குக் கப்பலேறியவர், வீட்டாரின் அழுகைக்குப் பயந்து இரண்டு வருஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கோழை, வேறென்ன சொல்வது? அங்கே ஒரு கடிதம் வந்தது. பக்கத்துக் கடை அமீர் அலியைக் கொண்டு மா சீன் எழுதவைத்தது. 'புதன் மத்தியானம் பெண் பிறந்தாள். பெயரை நீங்கள் வந்தால் சொல்கிறேன். புதன்தோறும் பெரிய பகோடாவில் அவள் மூலையில் தண்ணீர் ஊற்றுவோம்.'

திரும்பி வந்தபோது, தாமுவே பேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அமீர் அலியின் கடையும் இல்லை. பர்மாக்காரர்களுக்குப் பிறந்த கிழமைக்கொரு மூலை பகோடாவில் உண்டு, அங்கிருக்கும் புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஏழு வருஷமாகப் புதன்தோறும் தெற்கே புதன் மூலையில் போய் நின்றார். குழந்தையோடு வரும் ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துவிட்டு, பேச ஆளில்லாத தன் அறைக்குத் திரும்பினார்.

அன்று மனசு தாளாமல், அச்சு இயந்திரம் ஓட்டும் கோ பா தெயினிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினார். அவர் மைக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நம்ப ஊர்லயும் அப்படித்தான் சயா. ஆனா நம்மளுக்குப் புதன் ரெண்டு. மத்தியானம் ஆனா அது ராகு. மூலையும் வேற, வடமேற்குல."

மத்தியானம். எத்தனையோ தடவை படித்த கடிதம்தான். பிழை திருத்துவதையே பிழைப்பாகக் கொண்டவர் அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டிருந்தார்.

புதன்வரை தூக்கமில்லை. அன்று மழையோடு பகோடாப் படியேறி, வடமேற்கு மூலையில் பொழுது சாயும்வரை நின்றார். யாரும் வரவில்லை. கடைசியில் பூக்காரியிடம் தனக்குத் தெரிந்த பர்மியில் விசாரித்தார். தாயும் பெண்ணுமா என்று கேட்டு, அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா வருவார்னு எட்டு வருஷம் இங்கதான் நின்னாங்க. போன வருஷம் அந்தப் பொண்ணு, இனிமே வேணாம்மான்னு சொல்லிச்சு. அதோட வர்றதில்ல."

எங்கே போனார்களென்று அவளுக்குத் தெரியவில்லை. பெயரும் தெரியவில்லை, தாய் எப்போதும் மகளே என்றுதான் கூப்பிடுவாளாம்.

ஒரே பகோடா, ஒரே கிழமை. நடுவில் ஒரு சுற்று நடந்திருந்தால் போதும். கோல்ட் கோஸ்ட்டில் புதனென்றால் நாள் முழுக்கப் புதன்தான். கண்ணால் காணாத அந்த ஊர்மேல் நல்லையாவுக்குப் பொறாமையாக இருந்தது. மகளுக்கு ஒன்பது வயது. பர்மிய வழக்கப்படி வயதோடு ஒன்று கூட்டிப் பத்துக் கிண்ணம் தண்ணீர் சிலைக்கு ஊற்றினார். பிறகு மெல்ல, "அக்குவா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.