எட்டுக் கம்பி, தலை கிடையாது

2005 மார்ச்சில் உப்பு லாரி ஒன்று மரக்காணம் வளைவில் மேரிசெல்வியின் மொபெட்டை உரசிவிட்டுப் போனது. அவளுக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. தோள்தான் பாரம் தாங்கவில்லை. உப்பைப் பாக்கெட் போடுவது உட்கார்ந்து செய்கிற வேலை, அதனால் பிழைப்புக்குக் குறைவில்லை. கிடார்தான் கைவிட்டுப் போயிற்று. ராஜாங்கத்தின் இன்னிசைக் குழுவில் பன்னிரண்டு வருடமாக எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவள் அவள். மடியில் வைத்து வாசித்தாலும், கம்பி முறுக்கும் சாவிகள் இருக்கிற தலைப்பக்கம் கீழே சாயும். அதை இடது கை தூக்கிப் பிடிக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் தோள் நெருப்பாக எரியும்.

அந்த நேரம் பார்த்து, குழுவில் பேஸ் கிடார் வாசித்த கன்னியப்பனும் துபாய்க்குப் போய்விட்டான். ராஜாங்கம் அவளுக்காகக் காத்திருந்தார். "வேற ஆள் தேடலை மேரி. நீ வந்துதான் ஆவணும்" என்றார். அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை.

புதுச்சேரியில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து தேடினாள். தலையே இல்லாத கிடார்கள் இருந்தன. கம்பியை முறுக்கும் சாவிகளெல்லாம் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தன. ஏழு கம்பி, எட்டுக் கம்பிக் கிடார்களும் இருந்தன. எட்டாவது கம்பியில் பேஸ் மாதிரியே அடித்தொண்டைச் சத்தம் வருமாம். படங்களுக்குக் கீழே எந்தெந்த ஊர்க்காரர்களோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அழகென்றால் இதுதான் என்றான் ஒருவன். துடுப்புக்குக் கம்பி கட்டின மாதிரி இருக்கிறது என்றான் இன்னொருவன். இவ்வளவு இலேசான கிடாரைத் தொட்டதே இல்லை என்று ஒரு வயதானவர் எழுதியிருந்தார். மேரிசெல்வி அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டாள்.

பொம்மையார்பாளையத்தில் கண்ணாயிரம் என்று ஒரு தச்சர். கதவு, ஜன்னல், பூஜை மாடம் செய்கிறவர். அவள் வீட்டுக்கு நிலை வைத்தவரும் அவர்தான். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மூளியா இருக்குது?"

"அப்படித்தாண்ணா இருக்கணும். தலை இருந்தா கனம்."

"தலை இல்லாம ஒரு சாமான் என் பட்டறையில இருந்து போனா நாலு பேர் இன்னா சொல்லுவாங்க? கனம் இல்லாத தலையா நான் வெக்கறேன். விடு."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டினாரே தவிர, ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை.

உடம்புக்கு மலைவேம்பு, கழுத்துக்குத் தேக்கு. பழைய கிடாரை அவள் கொண்டுவந்து கொடுக்க, அதை அளந்து அளந்து இரண்டு மாதம் இழைத்தார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் போனபோது, கிடார் துணி மூடிக் கிடந்தது. துணியை அவரே எடுத்தார். எட்டுக் கம்பிக்கான அகலக் கழுத்து; அதன் உச்சியில் ஒரு தலை. அதில் தாமரை மொட்டொன்று, இதழ் இதழாகச் செதுக்கியிருந்தார். மேரிசெல்வி இதழ்களை விரலால் தடவிப் பார்த்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

"மாட்டிப் பாரும்மா."

வாரை வலது தோளில் மாட்டினாள். கையை விட்டதும் தாமரை தரையைப் பார்த்துச் சாய்ந்தது. இடது கை தானாகப் போய்க் கழுத்தைத் தாங்கியது. சிரித்த முகமாகவே நிற்கப் பார்த்தாள். உதட்டைக் கடித்ததை மறைக்க முடியவில்லை.

"வலிக்குதா?"

"கொஞ்சம்தாண்ணா. பழகிடும்."

கண்ணாயிரம் கிட்டே வந்தார். கிடாரைக் கழற்றி வாங்கினார். இழைக்கும் மேசையில் கிடத்தி, கழுத்து முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சிறு ரம்பத்தை எடுத்தார்.

"அண்ணா, வேணாங்க. பத்து நாள் வேலை அது."

"பன்னெண்டு நாள்" என்றார் அவர், ரம்பத்தை இழுத்துக்கொண்டே. "நான் பாக்கறதுக்குச் செஞ்சுட்டேன். நீ மாட்டறதுக்குச் செய்யல."

தாமரை மரத்தூளில் விழுந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி மாட்டச் சொன்னார். கையை விட்டாள். கிடார் நெஞ்சோடு அணைந்து அப்படியே நின்றது. மேரிசெல்வி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று அழுதாள். அவர் எதையோ தேடுகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

மீதி வேலைக்கு இருவருமாக அலைந்தார்கள். கம்பியின் ஒரு முனையை இறுக்கிப் பிடிக்கப் பித்தளைக் கட்டை, மறுமுனையை இழுக்கத் திருகாணிகள் எல்லாம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார்கள். ரேடியோ மெக்கானிக் ஒருவர் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பை எட்டுக் கம்பிக்கும் எட்டுகிற மாதிரி சுற்றித் தந்தார். எட்டாவதாகக் கன்னியப்பன் விட்டுப்போன பேஸ் கம்பி ஏறியது.

தை மாதம், கீழ்புத்துப்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் ராஜாங்கமே கொஞ்சம் முகம் சுளித்தார். முன்வரிசையில் ஒருவர், "ஏம்பா, பாதி கிடாரை எங்க வுட்டுட்டு வந்தாங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேரிசெல்வி எட்டாவது கம்பியைக் கட்டை விரலால் தொட்டாள். பந்தல் தூண் வரைக்கும் அதிர்ந்தது. சிரித்தவர்கள் பேஸ் வாசிப்பது யார் என்று மேடையில் தேடினார்கள். இரண்டரை மணி நேரம் நின்றபடியே வாசித்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும், அதுவரை மேடையில் ஒருநாளும் பேசாதவள் மைக்கை வாங்கினாள்.

"இந்தக் கிடாரைச் செஞ்சவர் பொம்மையார்பாளையம் கண்ணாயிரம் அண்ணன். எனக்காக அவர் ஆசையா செஞ்சதை அவரே அறுத்தார். அவருக்கு நன்றி" என்றாள். மைக்கை ராஜாங்கத்திடம் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசி வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கண்ணாயிரம் எல்லோரும் திரும்பிப் பார்க்கவும் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் கலைந்தபின் மேடையோரம் வந்தார். கிடாரை வாங்கி, கழுத்தோரமாக ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"அந்தத் தடிக்கம்பி மூணாவது கட்டத்துல லேசா இரையுது. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா, பாத்துடலாம்" என்றார்.

"வர்றேண்ணா" என்றாள் மேரிசெல்வி.